ஆட்டுச் சந்தையில் ஒரு ரொட்டி வான்

பரமேஸ்வரனை அவனுடைய மகள் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். அதில் பிள்ளையின் பிழை ஒன்றுமில்லை. ஈஸ்ட் ஹாமில் அவள் வளர்ந்த வீட்டில் ஏற்கெனவே மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். மூன்று பேரும் கலாவதியை அம்மா என்றும் பரமேஸ்வரனைச் சித்தப்பா என்றும் கூப்பிட்டார்கள். நாலாவதாக அந்த வீட்டுக்குள் வந்த ஆரணியும் அவர்கள் சொன்னதையே சொல்லப் பழகிவிட்டாள். ஆரும் திருத்தவில்லை. அவனும் திருத்தவில்லை.

அவன் மனைவி சந்திரவதனா எண்பத்தொன்பதாம் ஆண்டு சித்திரையில் செத்துப்போனாள். இரத்தப் புற்று. கண்டுபிடித்த நாளிலிருந்து எட்டுக் கிழமை, இரண்டு மாதம்கூட இல்லை. அப்போது ஆரணிக்கு இரண்டரை வயது. செத்த வீட்டிலேயே சந்திரவதனாவின் தமக்கை கலாவதி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவள் என்னோடை இருக்கட்டும் தம்பி. நீர் கொஞ்சம் தெளிஞ்ச பிறகு பாப்பம்" என்றாள்.

அவன் தெளியவில்லை. கிங்ஸ்பரியில் சலவைக்கடைக்கு மேலேயிருந்த ஓர் அறை வீட்டில் சாப்பிட்டான், படுத்தான், எழும்பி வேலைக்குப் போனான். பேராதனையில் கணிதம் படித்தவனுக்கு லண்டனில் பஸ் நேர அட்டவணை போடும் வேலை. எந்த பஸ் எந்த நிமிடம் எந்தத் தரிப்பில் நிற்கவேண்டும் என்று பெரிய தாளில் கோடு இழுக்கவேண்டும். அதற்கு ஆரோடும் கதைக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறி ஈஸ்ட் ஹாமுக்குப் போவான். சோறு சாப்பிடுவான். பிள்ளையைப் பார்ப்பான். திரும்பி வருவான். இரண்டு வருடம் அப்படியே போய்விட்டது.

தொண்ணூற்றொன்று ஜூலையில் ஒரு ஞாயிறு, சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கலாவதி ஒரு விண்ணப்பப் போமை வைத்தாள்.

"செப்டம்பரிலை பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். எல்லாம் நிரப்பிப்போட்டன். தகப்பன்ரை கையெழுத்து மட்டும்தான் வேணுமாம். இஞ்சை தெருமுனையிலை பள்ளிக்கூடம். என்ரை சின்னவனும் அங்கைதான். உம்மடை பக்கம் எண்டால் ஆர் கொண்டுபோய் விடுறது, ஆர் தலை இழுத்துப் பின்னிவிடுறது?"

சொன்னது அத்தனையும் நியாயம். பரமேஸ்வரன் பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றினான். திரும்பவும் மூடினான்.

"இன்னொருக்காப் பாப்பம் அக்கா" என்றான். அதைச் சொன்னது தானா என்று அவனுக்கே ஆச்சரியமாயிருந்தது.

கலாவதி சிரிக்கவில்லை. முன்னம் இரண்டு முறை பார்த்தாயிற்று. இரண்டு முறையும் ஒரு சனிக்கிழமை ஆரணியைக் கிங்ஸ்பரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு முறையும் இருட்டுமுன்னமே பிள்ளை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் போய் நின்றுவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை. கதவைப் பார்த்தபடி நின்றாள். அவன் போன் எடுத்துச் சொல்ல, மினிகாப் ஓட்டும் கலாவதியின் புருஷன் யோகராஜா ஐம்பது நிமிடத்தில் வந்து கூட்டிப்போனார்.

"சரி" என்றாள் கலாவதி. "மூண்டு இரவு. தனிய வைச்சிரும். ஆனால் ஒண்டு சொல்லிப்போட்டன். ஆறு மாசமா இவள் படுக்கை நனைக்கிறேல்லை. அங்கை நனைச்சாளெண்டால் பயந்திட்டாள் எண்டு அர்த்தம். ஏசாமல் கொள்ளாமல் உடனை கூட்டிக்கொண்டு வாரும். வந்து இதிலை கையெழுத்து வையும். பிறகு இந்தக் கதை வேண்டாம்."

"ஓம்" என்றான்.

கிங்ஸ்பரி வீடு சரிவராது என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கதவு பிள்ளைக்குப் பழகிவிட்டது. யோகராஜா ஐம்பது நிமிடத்தில் வர ஏலாத இடமாக இருக்கவேண்டும்.

வழி சொன்னவர் செபமாலைமுத்து. மன்னார்க்காரர். சவுத்தாலில் கராஜ் வைத்திருந்தார். ஆரோ விட்டுப்போன பழைய ரொட்டி வான் ஒன்றை வாங்கி, தட்டெல்லாம் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு கட்டில், இரண்டு அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, பூப்போட்ட திரைச்சீலை எல்லாம் வைத்துத் தங்கிப் பயணம் போகிற வானாக மாற்றியிருந்தார். வெளியே பழைய பேக்கரியின் கோதுமைக் கதிர்ப் படம் இன்னும் அழியவில்லை.

"கொண்டுபோ தம்பி. காசு கீசு எண்டு வாயைத் திறந்தாயோ, தரமாட்டன்" என்றார். "ஆனால் நாற்பத்தஞ்சு மைலுக்கு மேலை மிதிக்காதை. மிதிச்சால் அதுக்குப் பழைய நினைப்பு வந்திடும். காணுற கடைக்கு முன்னாலை எல்லாம் நிண்டு நிண்டு போகும்."

பயணத்தை எப்படித் திட்டமிடுவதென்று பரமேஸ்வரனுக்கு ஒரு வழிதான் தெரியும். நூலகத்தில் வீதிப் புத்தகம் எடுத்தான். கோடு போட்ட தாளை விரித்தான். வேல்ஸ் எல்லையோரம் லெட்பிரிட்ஜ் என்று ஒரு சின்ன ஊர். ஒரு பெரிய தெரு, ஒரு மணிக்கூட்டுக் கோபுரம், ஓர் ஆறு. ஊரிலிருந்து இரண்டு மைலில் ஆற்றங்கரையோரம் வான்களும் கூடாரங்களும் போடுகிற ஒரு புல்வெளி. கடிதம் எழுதி மூன்று இரவுக்கு இடம் பிடித்தான். பதிலாக ஒரு தபாலட்டை வந்தது. நாய் கட்டி வைத்திருக்கவேண்டும். குப்பையைக் கொண்டுபோகவேண்டும். வாசல் மாலை ஏழு மணிக்குப் பூட்டப்படும். பிந்தி வருவோருக்குத் திறக்கப்படாது.

தாளில் நிரல் போட்டான். வெள்ளி ஏழரை: ஈஸ்ட் ஹாம் புறப்பாடு. பத்தேகால்: தேநீர், சிறுநீர். பன்னிரண்டு நாற்பது: சாப்பாடு. மூன்றரை: லெட்பிரிட்ஜ். நாலு மணி: வாத்துக்குப் பாண் போடுதல். மூன்று நாளும் கால்மணி கால்மணியாக அப்படியே நிறைந்தது. வாத்துக்குக் கால் மணி நேரம் போதுமா என்று யோசித்து, அரை மணியாக்கினான்.

வெள்ளிக்கிழமை காலை வான் ஈஸ்ட் ஹாம் வாசலில் நின்றபோது மணி ஏழு. கலாவதி பஞ்சாங்கக் கலண்டரோடு வெளியே வந்தாள். யாழ்ப்பாணத்தில் அச்சடித்து ஆரோ கொண்டுவந்து கொடுத்தது.

"வெள்ளி பத்தரை பன்னிரண்டு ராகுகாலம். அது யாழ்ப்பாண நேரம். நாலரை மணித்தியாலம் கழிச்சால் இஞ்சை ஆறு தொடக்கம் ஏழரை. ஏழரை கழிய வெளிக்கிடலாம்."

"நான் ஏழரைக்குத்தான் போட்டிருக்கிறன்" என்றான் பரமேஸ்வரன்.

"ஏழு முப்பத்தொண்டு எண்டு போடும்."

ஆனால் ஏழு முப்பத்தொன்றுக்குப் பிள்ளைக்குத் தலை இழுத்து முடியவில்லை. எட்டரைக்கு வடை பொரிந்து முடியவில்லை. ஒன்பதரைக்கு ஆரணி கட்டிலுக்குக் கீழே போய் ஒளித்துக்கொண்டாள். யோகராஜா நிலத்தில் குப்புறப் படுத்து, "பிள்ளை, வானுக்குள்ளை குசினி, அடுப்பெல்லாம் இருக்காம்" என்று அரை மணிநேரம் கெஞ்சி வெளியே எடுத்தார். சிவப்பு ரிப்பன் கட்டி, செருப்புப் போட்டு, வாசல்படிக்கு வர, "சிக்கு" என்றாள் பிள்ளை. சிறுநீர் கழிக்கக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிவந்தபோது பத்து முப்பத்திரண்டு.

"இனிப் பன்னிரண்டு" என்றாள் கலாவதி.

"அக்கா, அது யாழ்ப்பாண நேரம் எண்டு நீங்கள்தானே கழிச்சனீங்கள்?"

"லண்டன் ஐயர் கழிக்கக்கூடாது எண்டுறார். மணிக்கூட்டிலை உள்ளதுதானாம். ஆர் சரியோ ஆருக்குத் தெரியும்? இரண்டுக்கும் பயப்பிடுறது நல்லது."

யோகராஜா வாசல்படியில் குந்தி ஒரு வடையை எடுத்துக் கடித்தார். "பேசாமல் இரும் தம்பி. நான் இருபது வருசமா ஒரு நாளைக்கு இரண்டு ராகுகாலம் பாக்கிறன். எனக்கு வேலை செய்ய நேரமே கிடைக்கிறேல்லை."

பன்னிரண்டு ஐந்துக்கு வான் புறப்பட்டது. கலாவதி ஜன்னலால் தலையை விட்டுப் பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசினாள். "வெள்ளிக்கிழமை. மச்சம் மாமிசம் குடுக்கப்படாது. எட்டு மணிக்குப் போன் எடும்" என்றாள். பிறகு சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டாள்.

லண்டனைக் கடக்கவே இரண்டு மணித்தியாலம். நாற்பத்தைந்துக்கு மேல் மிதிக்கவில்லை. லொறிகளெல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. ஆரணி வாயைத் திறக்கவில்லை. நிறுத்திய இடங்களில் இறங்கினாள், சாப்பிட்டாள், ஏறினாள். "அங்கை பார், மாடு" என்றான் ஒருமுறை. அவள் பார்த்தாள். அவ்வளவுதான்.

ஆற்றங்கரை வாசலுக்கு வந்தபோது ஏழு இருபத்தைந்து. வெயில் இன்னும் மரங்களின் மேல் கிடந்தது. வாசலில் பூட்டு. உள்ளே புல்லில் இரண்டு கூடாரங்களும் மடக்குக் கதிரையில் செய்தித்தாள் படிக்கிற ஒரு மனிதரும் தெரிந்தார்கள். பரமேஸ்வரன் கூப்பிட்டான். அந்த மனிதர் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

வானைத் திருப்பிக்கொண்டு ஊருக்குள் போனான். திறந்திருந்தது பொரித்த மீன் கடை ஒன்றுதான். மீன் இல்லாமல் கிழங்குப் பொரியல் மட்டும் இரண்டு பொட்டலம் கேட்டான். கடைக்காரப் பெண் அவனையும் வானையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரொட்டி கொண்டுவந்தீர்களா?"

"இல்லை. இரவு நிற்பதற்கு இடம் தேடுகிறோம்."

"கோபுரத்துக்குக் கீழே மார்க்கெட் வெளி இருக்கிறது. அங்கே போடுங்கள். இரவில் ஆர் கேட்கப்போகிறார்கள்?"

போய்ப் பார்த்தான். அகலமான சீமெந்து வெளி. ஆள் இல்லை. வெளி முழுக்க இடுப்புயர இரும்புக் கம்பிகள், பெட்டி பெட்டியாக அடைத்து, நடுவே நடக்க வழிவிட்டிருந்தது. பஸ்ஸுக்கு வரிசையில் நிற்க இவ்வளவு கம்பியா என்று யோசித்தான். நல்ல ஒழுங்கான ஊர் என்று நினைத்துக்கொண்டு இரண்டு கம்பி வரிசைகளுக்கு நடுவே வானை நிறுத்தினான்.

ஆரணி பொரியலைத் தின்று முடித்து, பேப்பரை மடித்து வைத்தாள்.

"அம்மா எப்ப வருவா?"

"வரமாட்டா. மூண்டு நாளைக்கு நான்தான்."

அவள் அந்தப் பதிலைக் கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு வானின் பின்கதவைப் பார்த்தபடி நின்றாள். ஆனால் நாள் முழுக்கப் போன களைப்பு. பத்து நிமிடத்தில் நின்றபடியே பிள்ளைக்குக் கண் செருகியது. தூக்கிக் கட்டிலில் கிடத்தினான். செருப்பைக் கழற்றாமல் விட்டான். எட்டு மணிக்கு, வானுக்கு முன்னாலிருந்த போன் பெட்டிக்குள் நின்று, வானைப் பார்த்தபடி, "வந்திட்டம் அக்கா. நித்திரை" என்று மட்டும் சொன்னான்.

காலையில் அவனை எழுப்பியது ஈரம். ஒரே கட்டில்தான், அவன் முதுகுப்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. ஆரணி கட்டிலில் இல்லை. அடுப்புக்குப் பக்கத்து மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இல்லை. தண்ணி ஊத்துப்பட்டது."

"ஓம்" என்றான்.

அவ்வளவுதான் என்று நினைத்தான். மூன்று இரவு வேண்டியிருக்கவில்லை, ஒன்றே போதுமாயிருந்தது. கோபம் வரவில்லை, துக்கமும் வரவில்லை. ஒரு தாளை மடித்து வைப்பதுபோல இருந்தது. பிள்ளைக்கு உடுப்பு மாற்றினான். விரிப்பைச் சுருட்டி மூலையில் போட்டான். வெளியே கேட்ட இரைச்சல் எதுவும் அவன் மனதில் ஏறவில்லை. வெளிக்கிட்டால் பின்னேரத்துக்குள் ஈஸ்ட் ஹாம். ஓட்டும் இடத்துக்கு ஏறி, திறப்பைப் போட்டு, கண்ணாடித் திரையை இழுத்தான்.

முன்கண்ணாடியில் ஒரு ஆடு அவனைப் பார்த்தது.

ஒன்றல்ல. இடப்பக்கக் கம்பிப் பெட்டிகளில் ஆடுகள். வலப்பக்கத்திலும் ஆடுகள். முன்னால் ஒரு லொறி, பின்னால் மூன்று இழுவைப் பெட்டிகள், அவற்றுக்குள்ளிருந்து இன்னும் ஆடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. கம்பளி உடம்பும் கறுத்த முகமுமாய் நூற்றுக்கணக்கில். தொப்பி போட்ட மனிதர்கள் தடியோடு கத்திக்கொண்டு நடந்தார்கள். வரிசைக் கம்பி என்று அவன் நினைத்தது இந்த வரிசைக்குத்தான். சனிக்கிழமைச் சந்தை.

வான் கதவில் ஆரோ அடித்தார்கள். திறந்தான். பச்சை ரப்பர் பூட்ஸ் போட்ட, அகலமான ஒரு பெண்.

"இன்றைக்கு ரொட்டி ஆர் கேட்டது?"

"ரொட்டி இல்லை. மன்னிக்கவேண்டும். தெரியாமல் நிறுத்திவிட்டோம். உடனே போய்விடுகிறேன்."

"எங்கே போவாய்? பறந்தா?" அவள் முன்னும் பின்னும் கையைக் காட்டினாள். "விற்று முடியப் பின்னேரம் இரண்டு மணியாகும். அதுவரை நீயும் ஓர் ஆடுதான்."

இரண்டு மணி. அவன் அப்படியே நின்றான். பெண் அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். மூலையில் சுருட்டிக் கிடந்த விரிப்பைப் பார்த்தாள். ஆரணியைப் பார்த்தாள். "குழாய் அந்தச் சுவரோரம். காயப்போடக் கம்பி வேண்டுமென்றால் இந்த ஊரில் பஞ்சமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செய்வதற்கு வேறு ஒன்றுமில்லை. கலாவதி கட்டித் தந்த பையில் சவர்க்காரம் இருந்தது. விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஆரணி வந்துகொண்டிருந்தாள், ஒவ்வொரு பெட்டியையும் நின்று நின்று பார்த்தபடி.

"சித்தப்பா, அது ஏன் சிரிக்குது?"

"ஆடு சிரிக்காது."

"சிரிக்குது. பாருங்கோ."

பார்த்தான். வாயைக் கோணலாக அசைத்து அசைபோடுகிற ஆடு. உண்மையில் ஆரையோ நக்கலடித்துச் சிரிப்பது போலத்தான் இருந்தது. "யோகராஜா அண்ணை மாதிரி" என்று அவன் வாய் சொல்லிவிட்டது.

ஆரணி நின்றுவிட்டாள். ஆட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "ஓம்!" என்றாள், பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவள்போல.

குழாயடியில் தோய்த்தான். பிழிய ஒருவரால் ஏலாது; பெரிய விரிப்பு. ஒரு முனையைப் பிள்ளையிடம் கொடுத்தான். அவன் முறுக்க, அவளும் அதே பக்கம் முறுக்கினாள். துணி கயிறு போலச் சுற்றியதே தவிரத் தண்ணீர் வடியவில்லை.

"நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"நான் செய்யிறதைச் செய்யாதை."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் முறுக்கினாள். தண்ணீர் சளசளவென்று அவள் செருப்பில் கொட்டியது. துள்ளிக் குதித்தாளே தவிர முனையை விடவில்லை. "இன்னும்!" என்றாள். இன்னும் முறுக்கினார்கள். காய்ந்த துணியையும் பிழிந்துவிடுவாள் போலிருந்தது. வெறும் பெட்டியொன்றின் கம்பியில் விரிப்பை விரித்துப் போட்டார்கள்.

பத்து மணிக்கு ஏலம் தொடங்கியது. பெட்டிகளுக்கு மேலால் நீளமாகப் பலகை போட்டிருந்தது. ஏலக்காரர், வெள்ளைக் கோட்டோடு ஒல்லியான ஒரு மனிதர், அந்தப் பலகையில் நடந்து வந்தார். மூச்சு விடாமல் கத்தினார். கீழே ஒரு கூட்டம் அவரோடு நகர்ந்தது. ஒருவன் காதைச் சொறிந்தான், ஒருவன் புருவத்தை உயர்த்தினான். அதற்கெல்லாம் விலை ஏறியது. தடியால் கம்பியில் ஒரு தட்டு, விற்றாயிற்று. பூட்ஸ்காரப் பெண் பின்னாலேயே வந்து விற்ற ஆட்டின் முதுகில் நீலக்கட்டியால் ஒரு கோடு இழுத்தாள். பரமேஸ்வரன் வானின் படியில் தேநீரோடு உட்கார்ந்து பார்த்தான். அவன் முழங்காலில் கையூன்றி நின்று ஆரணியும் பார்த்தாள். எப்போது வந்து கையூன்றினாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அசையாமல் இருந்தான்.

ஏலக்காரர் விரிப்புத் தொங்கிய பெட்டிக்கு மேல் வந்து நின்றார். உள்ளே பார்த்தார். கூட்டம் அமைதியானது.

"இது எந்தப் பண்ணை?"

எல்லாரும் வானைப் பார்த்தார்கள்.

"நல்ல வெள்ளை" என்றார் ஏலக்காரர். "இன்று காலைதான் குளித்தது. சாப்பாட்டுச் செலவில்லை. பின்னால் நிற்கிற ரொட்டி வானையும் சேர்த்துத் தருகிறோம், ஓடுகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். ஆர் தொடங்குகிறீர்கள்? ஐந்து பவுண்? ஐந்து பவுண், ஐந்து பவுண், லெட்பிரிட்ஜில் ரசனையுள்ளவர் ஒருவரும் இல்லையா?"

ஆரணி ஒரு விரலால் தன் காதைச் சொறிந்தாள்.

அப்படி ஒரு சிரிப்பு அந்த வெளியில் எழும்பியது. ஏலக்காரர் சிரிக்கவில்லை. "ஐந்து பவுண், சிவப்பு ரிப்பன் கட்டிய அம்மணி. ஆறு உண்டா? அம்மணியோடு மோதுகிற ஆள் உண்டா? இல்லை." தடியால் தட்டினார். "விற்றாயிற்று!"

ஆரணி திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"சித்தப்பா, நாங்கள் வாங்கிட்டம்."

"என்னத்தை?"

"எங்கடை வானை!"

பரமேஸ்வரனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தான். தேநீர் கையில் தளும்பிக் கொட்டியது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நிறுத்தப் பார்த்தான், ஏலவில்லை. பிள்ளை அவனை வியப்பாகப் பார்த்தாள். பிறகு அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தப் பூட்ஸ்காரப் பெண் நேரே வந்து, வானின் முன்சக்கர மட்காட்டில் நீலக்கட்டியால் தடிப்பாக ஒரு கோடு இழுத்தாள். செபமாலைமுத்துவுக்கு என்ன சொல்வது என்று நினைத்தான். அதற்கும் சிரிப்பு வந்தது.

"விரிப்பு காய்ந்துவிட்டது, எடுங்கள்" என்றாள் பெண்.

"அது தண்ணி இல்லை" என்று ஆரணி அவளிடம் இங்கிலிஷில் சொன்னாள். "நான்தான்."

"தெரியும். என் மகன் எட்டு வயதுவரை நனைத்தான். இப்போது கவுன்சிலில் உறுப்பினர். ஊருக்கே புத்தி சொல்கிறான்." பெண் ஒரு வாளியை நீட்டினாள். "வேலை தெரியுமா? அந்தக் கடைசிப் பெட்டிக்குத் தண்ணீர் காட்டவேண்டும்."

ஆரணி வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள். அவனிடம் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவுமில்லை.

பரமேஸ்வரன் விரிப்பை மடித்தான். வெயிலும் சவர்க்காரமும், கொஞ்சம் ஆட்டு நாற்றமும். கலாவதி சொன்னது சொன்னதுதான். நனைத்தால் கூட்டிவரவேண்டும். அவன் ஓமென்று சொல்லியிருக்கிறான். சொல்லாமல் மறைக்கலாம், நூற்றைம்பது மைலுக்கு அப்பால் ஆருக்குத் தெரியப்போகிறது? ஆனால் மூன்று நாள் கழித்துப் பிள்ளையே சொல்லிவிடுவாள். இப்போது சந்தையில் முன்பின் தெரியாதவளிடமே சொல்லிவிட்டாளே. அதைவிட, கலாவதிக்குப் பொய் சொல்ல அவனால் ஏலாது. இரண்டு வருடம் அவன் தன் அறையில் படுத்துக் கிடந்தபோது இரவில் எழும்பிப் பிள்ளையின் விரிப்பை மாற்றியவள் அவள்.

ஒரு மணிக்குப் போன் பெட்டிக்குப் போனான். கண்ணாடிக்கூடாகக் கடைசிப் பெட்டி தெரிந்தது. சிவப்பு ரிப்பனும் தெரிந்தது.

முதல் மணியிலேயே கலாவதி எடுத்தாள்.

"என்ன தம்பி?"

"அக்கா, பிள்ளை இரவு படுக்கை நனைச்சுப்போட்டாள்."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. "நான் சொன்னனான். இவரை அனுப்புறன். எந்த இடம் எண்டு சொல்லும், எழுதுறன்."

"வேண்டாம் அக்கா."

"என்ன வேண்டாம்?"

"தோய்ச்சுப் போட்டன். காஞ்சு போச்சு."

"நீரோ தோய்ச்சனீர்?"

"நானும் அவளும்."

"அழுதவளோ?"

"இல்லை."

"என்னைக் கேட்டவளோ?"

"நேற்றுக் கேட்டவள். செருப்புப் போட்டுக்கொண்டு நிண்டவள்."

"பிறகு?"

"பிறகு ஆடு வந்திட்டுது."

"என்ன ஆடு?"

சொன்னான். பூட்டின வாசலையும், கம்பிப் பெட்டியையும், காது சொறிந்ததையும் சொன்னான். இரண்டு வருடத்தில் கலாவதியோடு அவன் இவ்வளவு கதைத்ததில்லை. நடுவில் அவளும் ஒருமுறை "ஐயோ" என்று சிரித்தாள். சிரித்த குரல் முடியும்போது வேறாகிவிட்டது.

"அவளிட்டைக் குடும் போனை."

கதவைத் திறந்து கூப்பிட்டான். "ஆரணி! ஈஸ்ட் ஹாமிலையிருந்து அம்மா!"

அவள் வாளிக்குள்ளிருந்து தலையை நிமிர்த்தினாள். "பிறகு கதைக்கிறன்! இவைக்குத் தண்ணி இல்லை!"

கலாவதிக்குக் கேட்டிருக்கும். இருந்தாலும் அவன் சொன்னான். "தண்ணி குடுத்துக்கொண்டு நிக்கிறாள் அக்கா. பிறகு கதைக்கிறாளாம்."

"ஓம், கேட்டது." மூக்கை உறிஞ்சினாள். "ஈரச் செருப்போடை நிக்க விடாதையும். சளி பிடிக்கும் அவளுக்கு."

"ஓம்."

"உம்மடை பக்கத்துப் பள்ளிக்கூடம் எத்தினை மணிக்கு விடும்?"

"மூண்டேகால்."

"நீர் எத்தினை மணிக்கு வேலை முடிப்பீர்?"

"அஞ்சரை. மாத்திக் கேக்கப்போறன். விடிய வெள்ளண்ண போய் வெள்ளண்ண வாற மாதிரி."

"அப்ப காலமை ஆர் கொண்டுபோய் விடுறது?"

கண்ணாடிக்கு வெளியே ஆரணி வாளியை அரைவாசி தன்மேலேயே ஊற்றிக்கொண்டு, மிச்சத்தைத் தொட்டியில் விட்டாள். நாலு கறுத்த முகங்கள் ஒன்றாகக் குனிந்தன.

"அது தெரியேல்லை அக்கா" என்றான். "யோசிப்பம்."

"யோசிப்பம்" என்றாள் கலாவதி. "கிழமையிலை இரண்டு நாள் நான் ரயிலெடுத்து வரலாம். மிச்சத்துக்கு ஆள் பாக்கவேணும். நீர் வேலையிலை போய்க் கேளும். நாளைக்கே கேளும்."

"நாளைக்கு ஞாயிறு."

"அப்ப திங்கள்."

"திங்கள்தான் அக்கா நாங்கள் இஞ்சையிருந்து வெளிக்கிடுறம்."

"செவ்வாய் கேளும்" என்றாள் கலாவதி. "மறக்காதையும்."